தங்கையின் பிடரி நூல்

தையல்காரி தன் தங்கையின் பிடரியிலிருந்து பதினோரு கஜம் நூலை உருவி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு. தங்கை கடையின் பின்னறையில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கூந்தல் விலகிய இடத்தில், முடிச்சுப் போடாமல் விட்ட தையலைப்போல, அரை விரல் நீளத்துக்கு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தொங்குகிற நூலைக் கண்டால் அக்காவுக்குக் கை சும்மா இராது. கத்தரிக்கப் போனவள் லேசாக இழுத்துப் பார்த்தாள்; வந்தது. ரத்தம் இல்லை. தங்கை முனகக்கூட இல்லை. கடையில் இருந்த எழுபத்திரண்டு நூல்கண்டுகளில் எதோடும் சேராத நிறம். மூன்றாவது கஜம் வருவதற்குள் அது என்னவென்று அக்காவுக்குத் தெரிந்துபோயிற்று, ஏனென்றால் நூலில் டீசல் வாடை அடித்தது, பேருந்து நிலையத்தில் அடிக்கிற அதே வாடை. அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

தங்கையின் கணவன் கொதிகலன் பழுதுபார்ப்பவன். மூன்று வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று வெளியூர் வேலைக்குப் போனவன் ஏழு வருடமாக வரவில்லை. தங்கை தினமும் ஐந்தே முக்கால் வண்டிக்குப் போய் நின்றாள். கடைசி ஆள் இறங்கும்வரை நிற்பாள், ஓட்டுநர் இறங்கிக் கதவைச் சாத்தும்வரை நிற்பாள், அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நிற்பாள். மழையில் நின்று இரண்டு முறை நிமோனியா வந்தது. ரொட்டிக்கடை வேலை போயிற்று. அக்கா கெஞ்சினாள், திட்டினாள், செருப்பை ஒளித்துவைத்தாள். தங்கை வெறுங்காலோடு போனாள். மருத்துவர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். தாய்தகப்பன் போன பிறகு அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்காதான், ஒன்பது வயது மூத்தவள். வளர்த்த பிள்ளை கண்ணெதிரே கரைந்துபோவதைப் பார்த்தபடி எத்தனை நாள்தான் பிறர் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பது?

அன்று மாலை தங்கை எழுந்து, முகம் கழுவி, பொத்தான்களை அளவுவாரியாகப் பிரித்துக் கொடுத்தாள். ஐந்தே முக்கால் ஆயிற்று, ஆறாயிற்று, அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் உடம்பு தேறினாள், இரண்டாவது மாதம் பார்சல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், ஒரு வருடத்தில் அங்கே மேற்பார்வையாளர் ஆனாள். அக்கா ஒருத்தியிடம் சொன்னது பரவி, தெருவே அவள் கையை மெச்சியது; தங்கையிடம் மட்டும் யாரும் மூச்சுவிடவில்லை. ஆனால் நூலோடு வந்தது கணவனுக்கான காத்திருப்பு மட்டுமல்ல, காத்திருத்தல் முழுவதுமே என்பது போகப்போகத்தான் தெரிந்தது. உலை கொதிப்பதற்கு முன்பே அரிசியை வடித்துவிடுவாள். துணியை ஈரத்தோடு உடுத்திக்கொள்வாள். நிறுத்தத்தில் பேருந்து இல்லையென்றால் நடந்துவிடுவாள், ஒன்பது மைலானாலும். பாலுக்கு உறை ஊற்றிய கையோடு கரண்டியை விடுவாள். சில நாள் அது தயிராகவும் இருந்தது. சிவப்பு விளக்குக்கு அவள் நிற்பதில்லை, வண்டிகள்தான் அவளுக்காக நின்றன. எதிரில் இருப்பவர் பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கினால் எழுந்து போய்விடுவாள். பண்பில்லாமல் அல்ல, அந்த இடைவெளியில் இருப்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை.

நான்காம் வருடம் ஒரு பதிவுத்தபால் வந்தது. கொதிகலன்காரன் போன முதல் வருடமே ஒரு விபத்தில் இறந்துபோயிருந்தான். அடையாளம் தெரிய இத்தனை காலம் ஆகியிருக்கிறது. தங்கை படித்துவிட்டு, "பாவம்" என்று சொல்லி, வேலைக்குக் கிளம்பினாள். அக்காதான் கடையைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவள் செய்தது சரியென்று காகிதத்திலேயே வந்துவிட்டது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவளால் இரண்டு நாள் ஒரு தையல் போட முடியவில்லை. மூன்றாம் நாள் தங்கையை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அக்கா."

"கேட்டிருந்தா வேணாம்னிருப்பே."

"ஆமா. அதனாலதான் கேட்டிருக்கணும்."

நூல் அப்படியே பத்திரமாக இருப்பதாகவும், வேண்டுமென்றால் திரும்பக் கோத்துவிடுவதாகவும் அக்கா சொன்னாள். தங்கை யோசித்தாள். அவள் எதையாவது அவ்வளவு நேரம் யோசித்து அக்கா பார்த்து வெகுநாளாயிற்று; அரை நிமிடம் இருக்கும்.

"வேணாம்னுதான் தோணுது. ஆனா இந்த 'வேணாம்' என்னோடதா, நீ எடுத்தது போக மிச்சம் இருக்கிறவளோடதா? எனக்கு எப்படித் தெரியும், சொல்லு."

பதிலைக் கேட்பதற்குத் தங்கை அங்கே இல்லை, தெருமுனை தாண்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை மறுபடி பின்னறையில் தூங்கிப்போனாள். அக்கா நூலை ஊசியில் கோத்தாள். பிடரியில் அந்தப் பழைய துளை சின்ன மச்சம்போல இருந்தது. குத்தினால் ஒரு மணி நேர வேலை. எழுந்ததும் தங்கைக்குச் சோறு வேகும்வரை நிற்கத் தெரியும், ஒரு பாட்டை முடியும்வரை கேட்கத் தெரியும், செத்துப்போன புருஷனுக்காக ஐந்தே முக்காலுக்குப் போய் நிற்கவும் தெரியும். எடுத்தபோது எது நல்லது என்று அக்காவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இப்போது வேணாம் என்று வாய்விட்டுச் சொன்னவள் எதிரே படுத்திருந்தாள். மதியம் முழுக்க ஊசியும் கையுமாக நின்றாள். தங்கை புரண்டு படுத்தபோது ஊசியை மெத்தையில் விழுந்துவிடாதபடி தன் முந்தானையிலேயே குத்திக்கொண்டு வெளியே வந்தாள். மறுபடி அவள் முயலவில்லை. மற்றவர்கள் தங்கள் மகனையும் மருமகளையும் கூட்டிவந்து கழுத்தைக் காட்டியபோது, துணி இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் போய்வாருங்கள் என்றாள்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் வயிற்றில் கட்டி வந்தது. தங்கைதான் எல்லாம் பார்த்துக்கொண்டாள். நல்ல மருத்துவமனை, ஜன்னல் ஓரக் கட்டில். படிவத்தில் கையெழுத்துப் போட்டாள், வளையல்களைக் கழற்றி வாங்கிக்கொண்டாள், அக்காவின் நெற்றியில் கை வைத்து, "பயப்படாதே" என்றாள். தள்ளுகட்டில் உள்ளே போய்க் கதவு மூடியது. வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் யார்யாருக்காகவோ உட்கார்ந்திருந்தார்கள். தங்கை அவர்களைக் கடந்து, படியிறங்கி, வீட்டுக்குப் போனாள்.

நான்கு மணி நேரம் கழித்து அக்கா கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது. நர்ஸ் பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டாள். கூட வந்தவரைப் பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை, இப்படியா விட்டுவிட்டுப் போவார்கள் என்று குறைப்பட்டாள்.

"அவளைத் தப்பா நினைக்காதீங்கம்மா," என்றாள் அக்கா. "அவளுக்குக் காத்திருக்க வராது."

சிலருக்கு நீச்சல் வராது என்பதுபோல அதைச் சொன்னாள். நர்ஸும் அப்படியே எடுத்துக்கொண்டாள். சரிங்க, என்று சொல்லித் தலையணையைச் சரிசெய்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போவதற்கு முன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.