காய்ச்சல் விட்ட அன்று

டெங்கைப் பற்றிச் சாருஜாவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பாடசாலைச் சுகாதாரக் கழகத் தலைவியாகக் காலைக் கூட்டத்தில் அவள் ஆற்றிய உரையைக் கேட்டவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். எந்த இடத்தில் கையை உயர்த்துவது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்பதையெல்லாம் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தாள். சொன்னவற்றின் பொருளை மட்டும்தான் பழகவில்லை.

அப்பா செல்வரட்ணம் மயிலிட்டியில் கடற்றொழில் செய்பவர். சில நாட்களாக அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. பனடோலும் மல்லித்தண்ணீருமாகக் கிடந்தவருக்கு அன்று காலை உடம்பு குளிர்ந்துவிட்டது. வீடே மூச்சு விட்டது. விட்ட மூச்சை இழுப்பதற்குள் அவருடைய கையிலும் காலிலும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. அம்மா தயாளினி குனிந்து பார்த்தாள். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மாள் வந்திட்டா."

வாசல் படலையில் வேப்பிலை ஏறியது. மீன்குழம்பு வளவுக் கோடியில் கொட்டப்பட்டது. பூனைக்கு அது நல்ல நாள். அம்மை போட்ட உடம்பு அம்மாள் வந்த உடம்பு; அதற்கு மருந்தில்லை, ஊசியில்லை. குளிர வைத்துக் காத்திருப்பதுதான் அவர்கள் வழக்கம்.

"அம்மா, உது டெங்காயும் இருக்கலாம்," என்றாள் சாருஜா.

"டெங்கெண்டாக் காய்ச்சல் இருக்கோணும். இவருக்குத்தான் விட்டிட்டுதே."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

"அதோடை டெங்குத் தலைவி இருக்கிற வீட்டுக்கு டெங்கு வரத் துணியுமோ?" என்று படுக்கையிலிருந்து அப்பா கேட்டார். நோயிலும் அவருடைய வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

சாருஜா பாடக் குறிப்பைத் தேடி எடுத்தாள். அம்மை ஒரு படம், டெங்கு ஒரு படம். பாடசாலையின் போட்டோக்கொப்பி இயந்திரம் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது. இரண்டுமே மழைக்குப் பிந்திய வீதி போலக் கிடந்தன. அம்மை என்றால் கொப்புளத்தில் நீர் இருக்கும் என்று எழுதியிருந்தது. அப்பாவின் கையைத் தடவிப் பார்த்தாள். புள்ளிகள் தட்டையாக இருந்தன.

"இன்னும் முத்தேல்லை. நாளைக்கு முத்தும்," என்றாள் அம்மா.

அதுவும் சரியாகத்தான் பட்டது.

"அப்பா, உங்களுக்குச் சின்னனிலை அம்மாள் வந்ததோ? ஒருக்கா வந்தாப் பிறகு வராதாம்."

"வந்தது போலை. இல்லாட்டி அது தம்பிக்கோ தெரியேல்லை. இடம்பெயர்ந்து திரிஞ்ச காலம், பிள்ளை. ஆருக்கு என்ன வந்ததெண்டு ஆர் பார்த்தது?"

யோசிப்பதற்காக வீட்டின் பின்பக்கம் போனாள். அங்கே அப்பாவின் மீன் போடும் வெள்ளை நுரையாலான ரெஜிபோம் பெட்டிகள் வாய் திறந்து கிடந்தன. ஒன்றுக்குள் மழைத் தண்ணீர். அதற்குள் டெங்கு நுளம்பின் குடம்பிப் புழுக்கள் தலைகீழாக நின்று துள்ளின. போன கிழமைதான் ஊர் முழுக்க வீடு வீடாகப் போய், வளவுக்குள் கிடந்த சிரட்டைகளுக்காகச் சனத்தை ஏசிவிட்டு வந்திருந்தாள். தன் வீட்டை மட்டும் பார்க்கவில்லை. தலைவியின் வீடாயிற்றே! வெட்கத்தில் காது எரிந்தது. தண்ணீரை மணலில் ஊற்றிப் பெட்டிகளைக் கவிழ்த்தாள். ஆனாலும் தெளிவு வரவில்லை. வளவுக்குள் குடம்பி இருந்தால் அப்பாவுக்கு டெங்கு என்று ஆகிவிடுமா?

உள்ளே வந்தபோது அப்பா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பகிடியெல்லாம் நின்றுவிட்டது.

"வயித்துக்கை ஏதோ பிசையுது."

வயிற்றுவலி, ஓயாத வாந்தி. உரையில் ஆபத்து அறிகுறிகளுக்கு அவள் இடது கையை உயர்த்தும் இடம் அது. இப்போது அந்தக் கையால் அப்பாவின் முதுகைத் தாங்கினாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம், அம்மா."

"அம்மாள் இருக்கிற உடம்பிலை ஊசி குத்துறதோ? அவ கோவிச்சா ஆர் பதில் சொல்லுறது?"

"வந்தது அம்மாள்தான் எண்டு உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?"

"உனக்கு வடிவாத் தெரியுமோ டெங்கெண்டு?"

ஓம் என்று சொல்லியிருந்தால் அம்மா நம்பியிருக்கமாட்டாள். கண்ணாடி முன் ஒத்திகை நடந்தபோதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

"தெரியாதம்மா. சத்தியமாத் தெரியாது. எங்கள் ஒருத்தருக்கும் தெரியாது. இரத்தத்தைப் பார்த்தாத்தான் தெரியும்."

தெரியாது என்று இந்தப் பிள்ளை சொல்லி அம்மா கேட்டதேயில்லை. கொடியில் கிடந்த அப்பாவின் சேட்டை இழுத்து எடுத்தாள்.

"ஓட்டோவுக்குச் சொல்லு. அம்மாளாச்சி, பிழையெண்டாப் பொறுத்துக்கொள்ளணை."

ஆஸ்பத்திரியில் டொக்டர் நிவேதனா இரத்த முடிவைப் பார்த்ததும் கட்டிலுக்குக் கிட்ட வந்தார்.

"டெங்குதான். காய்ச்சல் எப்ப விட்டது?"

"இண்டைக்குக் காலமை," என்றாள் அம்மா, நல்ல செய்தி சொல்லும் குரலில்.

"அப்ப இனித்தான் கவனம்."

"விட்ட பிறகோ?"

"ஓம் அம்மா. காய்ச்சல் இறங்கேக்கைதான் இரத்தக் குழாயிலையிருந்து நீர் கசியத் தொடங்கும். வெளியிலை பார்த்தா ஆள் சுகமான மாதிரித்தான் இருக்கும்."

அப்பா கண்ணைத் திறந்தார். "கடல் அடங்கிக் கிடக்கு, ஆனால் போட் ஓட்டையாலை தண்ணி ஏறுது. அப்பிடியோ?"

"அப்பிடித்தான். உங்கடை போட்டிலை தண்ணி உள்ளுக்கு வரும், இதிலை வெளியிலை போகும்."

காய்ச்சல் குறையும் காலமே ஆபத்தான காலம். இதே வசனத்தை மேடையில் சொல்லிக் கைதட்டலும் வாங்கியவள் சாருஜா. அது உரைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஆசிரியை சேர்த்த வசனம் என்றே அவள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள்.

அதன் பிறகு எல்லாம் அளவுதான். சேலைன் அளந்து ஏறியது, சிறுநீர் அளந்து போனது. அடிக்கடி இரத்தம் எடுத்தார்கள். ஊசி ஏறும் ஒவ்வொரு தடவையும் அம்மா கண்ணை மூடி யாரிடமோ மன்னிப்புக் கேட்டாள். சாருஜா தடுக்கவில்லை.

பிறகு ஒரு காலை டொக்டர் சிரித்துக்கொண்டு வந்தார்.

"கசிவு நிண்டிட்டுது. இனிப் பயமில்லை."

அம்மா எழும்பி நின்றாள். "டொக்டர் பிள்ளை, காய்ச்சலெண்டு பயந்தம். விட்டிட்டுதெண்டு சந்தோசப்பட்டம், அதுக்குத்தான் பயப்படோணும் எண்டியள். இப்ப பயமில்லை எண்டுறியள். இதுக்குச் சந்தோசப்படுறதோ, பயப்படுறதோ?"

டொக்டர் சாருஜாவைப் பார்த்தார். அம்மாவும் சாருஜாவைப் பார்த்தாள்.

"எனக்கும் குழப்பமாத்தான் கிடக்கு, அம்மா," என்றாள் அவள்.

"ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்கோ," என்றார் அப்பா. "அதுக்குள்ளை எனக்குப் பசிக்குது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. சாருஜா அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். சூடும் இல்லை, குளிரும் இல்லை. விடாமல் பிடித்துக்கொண்டாள்.