ஜென் காருக்கு ஒரு கறுப்பு பானெட்

இமை இரண்டும் பணியாரம் மாதிரி வீங்கி, கண்ணைத் திறக்க முடியாமல் ஜெகன் எழுந்த காலையில்தான் அவன் மனைவி ஆனந்தி அவனை இழுத்துக்கொண்டு பாலக்காட்டுக்கு பஸ் ஏறினாள். அதுவரை மணிக்கட்டில் வந்த தடிப்பை வேர்க்குரு என்றும், கழுத்தில் வந்ததைச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் அவன் தள்ளிப்போட்டிருந்தான். எலப்புள்ளி வெயிலில் யாருக்குத்தான் வேர்க்குரு வராது?

தோல் டாக்டர் ஒரு மலையாளி அம்மா. அவன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தா பணி?"

கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபைபர் கம்பெனியில் இருந்ததாகச் சொன்னான். ஆள் குறைத்தபோது வெளியே வந்தவன், இப்போது வீட்டிலேயே கார்பன் ஃபைபரில் கார் பானெட் செய்து பார்க்கிறான். கார்பன் துணியை அச்சில் விரித்து, ரெசினில் ஹார்டனர் கலந்து ஊற்றி ஊறவைத்தால் இறுகிப் பலகையாகிவிடும். தகர பானெட்டில் பாதி எடைகூட இருக்காது.

"அந்த ஹார்டனர்தான்," என்றார் டாக்டர். "உங்க உடம்பு அதைப் பகையா எடுத்துக்கிச்சு. இனி அது மாறாது. ஒரு துளி பட்டாலும் வீங்கும். அடுத்த தடவை மூச்சு முட்டும். இந்தப் பணி விடணும் கேட்டோ."

"கிளவுஸ் போட்டுச் செஞ்சா, டாக்டர்?"

அவர் மருந்துச் சீட்டை ஆனந்தியின் கையில் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவனுக்கு ஊர் நினைவு வந்தது. மூணாறில் அம்மா ராமுத்தாய் இன்னமும் தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். அவனோடு படித்தவர்கள் எல்லாம் டூரிஸ்ட் ஜீப் ஓட்டினார்கள். அவனும் கொஞ்ச காலம் ஓட்டினான். பள்ளத்தைக் காட்டு, அருவியைக் காட்டு, போட்டோ எடுத்துக் கொடு. அது பிடிக்காமல்தான் மலை இறங்கினான். கம்பெனியில் முதல்முதலாகக் கார்பன் துணியைத் தொட்டபோது, இவ்வளவு மெல்லிய கறுப்புத் துணி இரும்புக்கு ஈடு கொடுக்கும் என்பதை அவனால் நம்பவே முடியவில்லை. மனதுக்குப் பிடித்த முதல் வேலை அது.

பாலக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்து நஜீம்தான் அவனுடைய முதல் வாடிக்கை. பழைய ஜென் கார் ஒன்றைப் பிரித்து மேய்ந்து, கோயம்புத்தூர் பந்தயத்தில் ஓட்டத் தயார் செய்துகொண்டிருந்தான். "முன்பக்கம் கனம் கொறையணும்ணே. நீங்க செய்ங்க. நல்லா வந்தா எங்க கூட்டாளிங்க எல்லாரும் உங்ககிட்டதான் வருவாங்க," என்று சொல்லியிருந்தான். அவனுடைய பழைய பானெட்டின் மேல் ஃபைபர் அச்சு எடுத்து, மழைக்காலம் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தன் முகம் தெரியும் அளவுக்கு அதை மெருகேற்றி வைத்திருந்தான் ஜெகன். மேலே துணி போடுவதுதான் மிச்சம்.

"நான் போடுறேன்," என்றாள் ஆனந்தி, வீட்டுக்கு வந்ததும். "நீங்க ஜன்னலுக்கு வெளிய நின்னு சொல்லுங்க. கேட்டுக் கேட்டுச் செய்றேன்."

"வேணாம் ஆனந்தி."

"அப்ப இத்தனை நாள் தேச்சது எதுக்கு? நஜீமுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

அவன் புது கிளவுஸ் பாக்கெட் ஒன்றைப் பிரித்து அவளிடம் நீட்டினான்.

வெயில் ஏறினால் ரெசின் கிண்ணத்திலேயே கொதித்துக் கட்டியாகிவிடும். அதனால் அவன் கண் வீக்கம் வடிந்த பிறகு, ஒரு நாள் விடிந்ததும் ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரம்மா கற்பகம் பின்பக்கத்து ஓட்டுக் கொட்டகையைக் கேட்டதும் கொடுத்திருந்தாள். ஆனந்தி அவனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, மாஸ்க் கட்டி, முழங்கை வரை கிளவுஸ் மாட்டிக்கொண்டாள். ஜெகன் கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வாழை மரத்தடியில் நின்றான்.

"துணிய இழுக்காத. பின்னல் கோணிரும். நடுவுல இருந்து ஓரத்துக்குத் தடவு. அங்க வெள்ளையாத் தெரியுது பாரு, ரெசின் பத்தல."

"எங்க?"

"உன் இடது கைக்குக் கீழ. இன்னும் கீழ. ஐயோ, அங்க இல்ல ஆனந்தி!"

அவன் விரல்கள் கம்பியைப் பிடித்து நெரித்தன. அவனே உள்ளே போனால் ஒரே எட்டில் முடிகிற வேலை அது. ஆனாலும் அவள் பதறவில்லை. துணி ஒவ்வொரு அடுக்காக ஊறி அச்சில் படிந்தது. மேலே பிளாஸ்டிக் உறையை விரித்து, ஓரம் முழுக்க ஒட்டுப்பசை நாடாவை அமுக்கி, காற்றை உறிஞ்சும் பம்பைப் போட்டாள். உறை சுருங்கித் துணியை இறுக்கிப் பிடித்தது. பானெட்டின் வளைவு அப்படியே எழுந்து நின்றது. அவள் மாஸ்க்கோடு திரும்பிப் பார்த்தாள். சிரிக்கிறாள் என்று கண்ணில் தெரிந்தது. ஜெகனும் அன்றுதான், பல நாளைக்குப் பிறகு, சிரித்தான்.

கரண்ட் போயிற்று.

பம்ப் முனகி நின்றது. "குழாய மடக்கிக் கிளிப் போடு!" என்று கத்தினான். அவள் போட்டாள். ஆனாலும் எங்கோ ஒரு மூலையில் காற்று மெல்லச் சீறியது. உறை தளர ஆரம்பித்தது.

"எங்கன்னு தெரியலீங்களே! எல்லா எடத்துலயும் கேக்குது!"

அவன் ஜன்னலை விட்டு ஓடிவந்தான். "உள்ள வராதீங்க!" என்று அவள் குறுக்கே நின்றாள். அவளை விலக்கிக்கொண்டு அச்சின் மேல் காதை வைத்தான். வலப்பக்க மூலையில் நாடா மடிந்திருந்தது. வெறுங்கையால் அமுக்கினான். பிதுங்கி வந்திருந்த ரெசின் உள்ளங்கையில் வழவழத்தது. சீறல் நின்றது. கரண்ட் வரும் என்று கையை எடுக்காமல் காத்திருந்தான். வரவில்லை. தொண்டைக்குள் யாரோ கயிற்றை முறுக்குவது போலிருந்தது. கையை எடுக்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தான். கற்பகமும் ஆனந்தியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போட்டது அவனுக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனை எடுத்துவிட்டு, மறுநாள் மதியம் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆனந்தி பானெட்டை அச்சிலிருந்து கழற்றி வாசலில் சாய்த்து வைத்தாள். அவன் தள்ளி நின்று பார்த்தான். இடது பாதி கண்ணாடி மாதிரி மின்னியது. வலது பாதியில் துணி மேலெழும்பி, அம்மைத் தழும்பு போல ஓட்டை ஓட்டையாக இறுகியிருந்தது. கற்பகம் அதைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தானுங்க இருக்குது? கொஞ்சம் பூசி உட்டாப் போச்சு."

"அந்தப் பக்கம் பலமே இல்லீங்கக்கா. வேகத்துல காத்து தூக்கும்போது ஒடஞ்சு, ஓட்டுறவன் மூஞ்சியில அடிக்கும்."

"இன்னொரு தடவ போடுவோம்," என்றாள் ஆனந்தி. "இந்தத் தடவ இன்வெர்ட்டர் ஒண்ணு வாடகைக்கு எடுத்து..."

"போதும். நாளைக்கு உன் கையிலயும் தடிச்சா? அப்புறம் யாரு யார ஆஸ்பத்திரிக்குத் தூக்குறது?"

நஜீம் வந்து பார்த்தான். கோபப்படவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று ஜெகனுக்கு இருந்தது. ஓட்டை விழுந்த பக்கத்தை விரலால் தடவிவிட்டு, "ஒடம்பப் பாத்துக்கங்கண்ணே," என்றான். பிறகு தயங்கி, "இது செய்றவங்க வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டான்.

"பினு இருக்கான். கம்பெனில எங்கூட நின்னவன். அச்சையும் கொண்டு போங்க. அவன் புதுசா எடுக்க வேண்டாம்."

ஆனந்தி அவனை வெடுக்கென்று பார்த்தாள். நஜீமோடு வந்தவர்கள் அச்சைக் குட்டியானை வண்டியில் ஏற்றும்போது, "ஓரத்துல புடிக்காதீங்க, அடியில கை குடுங்க," என்று தூரத்தில் நின்றே சொன்னான். வண்டி போன பிறகு அவள் கேட்டாள்.

"மழைக்காலம் பூராத் தேச்சீங்களே, தூக்கிக் குடுத்துட்டீங்க?"

"வச்சுக்கிட்டு என்ன செய்ய? தொடக்கூட முடியாது."

கொஞ்ச நாள் கழித்து நஜீம் போட்டோ அனுப்பினான். வெள்ளை ஜென் காரில் கறுப்பு பானெட், ஒரு குறையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. ஜெகன் அதைப் பெரிதாக்கி, பின்னல் வரிகளை ஓரம் ஓரமாகப் பார்த்தான். 'சூப்பர்' என்று பதில் போட்டான். ஆனந்தியிடம் காட்டவில்லை.

மீனாட்சிபுரத்தில் ஒரு பால் பண்ணையில் ஆள் எடுப்பதாகக் கற்பகம் சொல்லிவிட்டாள். போனான். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்கு முன்னால என்ன வேலைங்க பாத்தீங்க?"

ஜெகன் வாயைத் திறந்தான். கார்பன் என்ற சொல் நாக்கு வரை வந்து நின்றது. வெளியே பால் கேன்களைக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஜீப் ஓட்டிட்டு இருந்தேனுங்க," என்றான்.