நானூறு பேர் பார்த்த கூடு

காட்டுப் பாதையில் நிலக்ஷி குப்புறப் படுத்திருந்தாள். தலவாக்கலையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணப் படம் எடுப்பது அவள் வேலை. செவ்வாய்க்கிழமை லீவு கிடைத்தால் பூச்சிகளைத் தேடிக் காட்டுக்குள் போய்விடுவாள். எதிரே இலைமேல் அரிசி மணியளவில் ஒரு குதிக்கும் சிலந்தி. இவ்வளவு கிட்டத்தில் லென்ஸ் மயிரிழை ஆழத்தைத்தான் தெளிவாகக் காட்டும். கண் தெளிந்தால் கால் மங்கிவிடும். அதனால் மூச்சை அடக்கி, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, எட்டுக் கண்களில் பெரியவை இரண்டும் பளிச்சிடும் நொடியில் அழுத்த வேண்டும்.

அழுத்தப்போன நேரம், கீழே பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

கீழே தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலை. அதன் மேல் ஓரத்துச் செடிகளுக்குள் ஒரு குளவிக்கூடு இருந்தது. குளவிகள் மரத்தைச் சுரண்டி மென்று, எச்சிலில் குழைத்து, காகிதம்போல் பூசிக் கட்டுவதை மூன்று வாரமாகப் படமெடுத்திருந்தாள். தோட்டத்தில் சொன்னால் எரித்துவிடுவார்கள். புதுக் குளவிகள் வெளிவருவதையும் எடுத்துவிட்டுச் சொல்வோம் என்றிருந்தாள். இன்று மூன்றாம் நம்பரில்தான் கொழுந்து பறிப்பு என்று நேற்று அண்ணி பிரேமினி சொன்னாளே!

போனில் சிக்னல் இல்லை. பாதையில் இறங்கி ஓடினாள். கொழுந்து பறிக்கும்போது செடி குலுங்கும். கூட்டைக் கலைக்க அந்த அதிர்வே போதும். ஒன்று கொட்டினால், அந்த விஷத்தின் வாடையே மற்றவற்றை அழைத்துவிடும்.

"ஸ்டூடியோக்காரி ஓடி வர்றா, எல்லாரும் பல்லக் காட்டுங்கடி!" என்றாள் கூடையோடு நின்ற மீனம்மா. பெண்கள் சிரித்தார்கள்.

பிரேமினி கூட்டுக்கு நாலு செடி இப்பால் நின்றாள்.

"அண்ணி, செடியத் தொடாதீங்க! குளவி! எல்லாரும் மெதுவா கீழ எறங்குங்க!"

சிரிப்பு நின்றது. ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கடைசியாக வந்த பிரேமினியின் கூடை ஒரு கிளையில் மாட்டியது. இழுத்தாள். செடி குலுங்கியது. ஒரே ஒரு குளவி வந்தது. "அம்மா!" என்று மணிக்கட்டைப் பிடித்தபடி கீழே ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக லொறி வரும்வரை எல்லாரும் ரோட்டோரத்தில் இருந்தார்கள். பிரேமினியின் கை முழங்கைவரை வீங்கியிருந்தது. அவள் மூச்சு விடுவதையே நிலக்ஷி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாம் நம்பர்ல மருந்து அடிச்சிருக்குன்னு காலையில பேர் கூப்பிடுற பெரட்டுலதான் மலைய மாத்துனேன்" என்றார் கங்காணி வீரய்யா. "கூடு இருக்கிறது ஒனக்கு எப்புடித் தெரியும் புள்ள?"

 அதற்குள் பிரேமினி நிலக்ஷியிடம் கேட்டாள்.

"போன வாரம் ஃபேஸ்புக்ல போட்டியே, அந்தக் கூடா?"

"ஆமா அண்ணி."

"எத்தன பேர் பாத்தாங்க?"

"நானூறு பேர்."

"எங்கெங்கயோ இருக்கிற நானூறு பேருக்குக் காட்டுன. அதுக்குக் கீழ நிக்கப்போற எங்க பன்னெண்டு பேருக்குச் சொல்ல வாய் வரலயா?"

மறுநாள் பிரேமினி கையில் கட்டுடன் லயத்து வீட்டில் படுத்திருந்தாள். நிலக்ஷி விடியற்காலையிலேயே பெரட்டுக் களத்துக்குப் போனாள். கூட்டின் படத்தை ஒவ்வொருவரிடமும் காட்டி, இடத்தைச் சொன்னாள். கூட்டை அகற்றும்வரை ஏழாம் நம்பருக்கு யாரையும் அனுப்புவதில்லை என்றார் வீரய்யா.

"மூணு வாரம் தெரிஞ்சே மறைச்சேன்" என்றாள் நிலக்ஷி. "ஆபத்தப் பாத்தவங்க வாய மூடிக்கிட்டா, கொட்டுறது குளவி மட்டும் இல்ல, நாமளுந்தான்."