பிரஸ்டன் கடைசியாகத் திறந்தவை

மார்ல் க்ரீக் நகராட்சி அலுவலகத்தில் ஆறு பேர், ஐந்து நல்ல நாற்காலிகள், ஒரு காப்பி இயந்திரம். இந்த நிலையில் எங்களுக்குத் தகவல் ஒழுங்கமைப்பு இயக்குநர் ஒருவர் தேவை என்று யாருக்கும் தோன்றியதில்லை. பிரஸ்டன் ஆல்கார்டுக்குத் தோன்றியது. அவர் எங்கள் மாகாணத் தலைநகர் ரெஜைனாவில் பெரிய அலுவலகங்களில் இருந்தவர். அங்கிருந்து எங்கள் ஊருக்கு ஏன் வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் மரியாதைக்குக் கேட்கவில்லை.

வந்த மூன்றாவது மாதம் அவர் மரத்தை நட்டார். மரம் என்றால் கம்ப்யூட்டரில் ஃபோல்டர்களின் மரம். நகராட்சியின் எல்லா ஃபைல்களும் அதற்குள்தான் இருக்க வேண்டும். வேரிலிருந்து இலைவரை ஒன்பது படி. எந்த ஃபோல்டருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும். பெயர் வைத்தால் ஆளுக்கொரு பெயர் வைப்பார்கள், எண் பொய் சொல்லாது என்பது அவர் கொள்கை. நான் நாய் உரிமம் கொடுக்கும் மேசையில் இருக்கிறேன். முன்பெல்லாம் ஆள் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றுவதற்குள் படிவத்தைத் திறந்துவிடுவேன். மரம் வந்த பிறகு ஒன்பது படியும் இறங்கிப் படிவத்தை எடுத்து வருவதற்குள், உரிமத்துக்கு வந்த நாய் பொறுமையிழந்து என் மேசைக் காலில் தன் கருத்தைத் தெரிவித்துவிட்டது.

இதைக்கூடத் தாங்கியிருப்போம். ஏனென்றால் ஃபோல்டர் சன்னலின் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டியல் உண்டு. நேற்றும் முந்தாநாளும் எந்தெந்த ஃபோல்டரைத் திறந்தோமோ அதெல்லாம் வரிசையாக நிற்கும். காலையில் பூட்ஸில் ஒட்டிய பனி கரைவதற்குள் அதில் ஒரு தட்டுத் தட்டினால், விட்ட இடத்தில் வேலை தொடங்கிவிடும். மரம் எத்தனை படியாக இருந்தால் என்ன, ஒருமுறை இறங்கினால் போதும் என்று நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அதை பிரஸ்டன் கண்டுபிடித்துவிட்டார். உடனே சுற்றறிக்கை வந்தது: சமீபத்திய ஃபோல்டர் பட்டியல் எல்லா மேசைகளிலும் நிறுத்தப்படுகிறது, ஊழியர்கள் வழியைக் கற்க வேண்டும், நினைவூட்டலை அல்ல.

மீட்டிங்கில் இன்னும் விளக்கினார். "நேத்து போன இடத்தைப் பார்த்து இன்னைக்கும் போறதுக்குப் பேர் வழி இல்ல, தடம். மாடுதான் தடத்துல போகும்."

எங்கள் ஊரில் மாடு வளர்க்காத குடும்பம் குறைவு. க்ளெண்டா வாசிலிக் காப்பிக் கோப்பையிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள், "மாடு சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்துடும், பிரஸ்டன். நம்ம ஃபைல்தான் வரமாட்டேங்குது."

க்ளெண்டா இருபத்திரண்டு வருடமாக எங்கள் பதிவுப் பிரிவில் இருப்பவள். அதைவிட முக்கியமாக, எங்கள் கர்லிங் சங்கத்தின் செயலாளர். பனித்தரையில் கல்லைத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் ஓடி ஓடித் துடைப்பத்தால் தேய்க்கும் அந்த ஆட்டம்தான் எங்களுக்குக் குளிர்காலம். மாகாணப் போட்டியை எங்கள் நகராட்சி அரங்கில் நடத்த வேண்டும் என்பது க்ளெண்டாவின் நீண்ட நாள் ஆசை. எங்கள் வட்டாரத்துக்கு அந்த வாய்ப்பு பதினோரு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். போன தடவை கொதிகலன் வெடித்து நழுவிப்போனது. அடுத்த தடவை வரும்போது அவள் அலுவலகம், சங்கம் இரண்டிலிருந்தும் ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியிருக்கும். ஆக இதுதான் அவளுக்கு உள்ள ஒரே தடவை.

மூன்று வாரம் உட்கார்ந்து விண்ணப்பம் தயாரித்தாள். அக்கம்பக்கத்து மூன்று ஊர்ச் சங்கங்களின் கையெழுத்து, அரங்கின் வரைபடம், பனித்தரையைச் சோதித்தவரின் சான்றிதழ், எல்லாம் சேர்த்து ஒரே ஃபோல்டர். காகிதங்களை ஸ்கேன் செய்ததும் பிரஸ்டன் அவற்றை வாங்கித் தூள் தூளாக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டார். ஸ்கேன் ஆன காகிதம் செத்த காகிதம் என்பது அவருடைய இன்னொரு கொள்கை. சான்றிதழ் கொடுத்தவரோ அதற்குள் அரிசோனாவுக்கு வெயில் காயப் போய்விட்டார்.

கடைசி நாள் நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. அன்று காலை அனுப்பிவிடலாம் என்று க்ளெண்டா வந்தால், ஃபோல்டர் இருந்த இடத்தில் இல்லை.

வியாழன் மாலை பிரஸ்டன், மிச்சமிருந்த ஃபோல்டர்களையெல்லாம் தன் மேசையிலிருந்தே மரத்துக்குள் ஏற்றியிருந்தார். ஏற்றும்போது ஃபைல்களின் பெயரையும் எண்ணாக்கிவிட்டார். தேடல் பெட்டியில் 'கர்லிங்' என்று போட்டால், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு எதுவுமில்லை என்றது. க்ளெண்டா பத்து மணிவரை மரத்தில் ஏறினாள், இறங்கினாள். கழிவுநீர்க் குழாய் வரைபடம் கிடைத்தது. தொண்ணூற்று எட்டாம் வருடக் கிறிஸ்துமஸ் விருந்தின் படங்கள் கிடைத்தன. விண்ணப்பம் கிடைக்கவில்லை.

பிரஸ்டனை அழைத்தாள். அவர் தன் கையேட்டோடு வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"பொழுதுபோக்கு எதுல வரும்?" என்று கேட்டார்.

"அது பொழுதுபோக்கு இல்ல. கர்லிங்."

"சரி, சமூக நலம். ஏழு. ஏழுல போங்க. அப்புறம் மூணு."

"ஏழு, மூணு. காலியா இருக்கு."

"அப்ப ஏழு, நாலு."

"அதுவும் காலி."

"மரத்துல எதுவும் தொலையாது, க்ளெண்டா. ஆளுங்கதான் தொலைஞ்சு போறாங்க."

"நான் இங்கதான் இருக்கேன், பிரஸ்டன். ஆறு மணி நேரத்துல என் போட்டி இருக்காது."

அவர் வெள்ளைப் பலகைக்குப் போய் மரத்தை வரைந்து காட்டத் தொடங்கினார். நான்காவது படிவரை வரைந்ததும் பலகை தீர்ந்துவிட்டது. மிச்சத்தை மனக்கண்ணில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மதிய உணவுக்குப் போனார்.

இரண்டு மணிக்கு ஓரெஸ்ட் வந்தார். கர்லிங் அரங்கின் பனித்தரையைப் போடுகிறவர் அவர். எழுபது வயது, வாளியில் சூடு தண்ணீர் தூக்கியே வளர்ந்த தோள்கள். விண்ணப்பம் போயாச்சா என்று கேட்க வந்தவர், க்ளெண்டாவின் முகத்தைப் பார்த்ததும் கேள்வியை விழுங்கிக்கொண்டு கொண்டுவந்த பட்டர் டார்ட் இனிப்பு டப்பாவை மேசையில் வைத்தார்.

"எங்க போச்சு?"

"மரத்துக்குள்ள."

"எந்தக் கிளை?"

"தெரிஞ்சா நான் ஏன் உன் டார்ட்டைத் தின்னுட்டு உக்காந்திருக்கேன்."

ஓரெஸ்ட் கம்ப்யூட்டர் தெரிந்தவர் இல்லை. ஆனால் தொலைந்த சாமான் தேடத் தெரிந்தவர். "கடைசியா அதைத் தொட்டது யாரு?"

"பிரஸ்டன்தான். அவர் மேசையில இருந்துதான் எல்லாத்தையும்..." க்ளெண்டா பாதியில் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். எனக்கும் அதே நேரத்தில்தான் உறைத்தது. அவர் கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியல் இருந்தால், நேற்று அவர் கை வைத்த ஃபோல்டரெல்லாம் அதில் வரிசையாக நிற்கும்.

"ஆனா அவர்தான் எல்லா மேசையிலயும் நிறுத்திட்டாரே" என்றேன்.

"எல்லா மேசையிலயும்னு யார் சொன்னது?" என்றாள் க்ளெண்டா.

"அவர்தான்."

"அதான் கேட்டேன்."

மூவரும் அவர் அறைக்குப் போனோம். பிரஸ்டன் உணவிலிருந்து திரும்பியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் திரையைச் சுவர்ப் பக்கம் கொஞ்சம் திருப்பினார்.

"என் கம்ப்யூட்டர்ல ரகசிய விவரங்கள் இருக்கு."

"நம்ம ஊர்ல என்ன ரகசியம்?" என்றார் ஓரெஸ்ட். "மேயர் தலைக்குச் சாயம் போடுறாங்க, அதுவும் அவங்களே சொல்லிட்டாங்க."

"கொள்கைன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். என்கிட்டயும் அந்தப் பட்டியல் கிடையாது."

"அப்ப காட்டுங்க, இல்லைன்னு தெரிஞ்சுட்டா நாங்க போயிடறோம்" என்றாள் க்ளெண்டா.

அவர் கையேட்டைப் புரட்டத் தொடங்கினார். மூன்று இருபதுக்கு நான் மேயருக்குப் போன் போட்டேன். எங்கள் மேயரம்மா ஈவான் தெருமுனையில் பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் தலையில் சுருள் உருளைகளை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் துண்டோடு வந்து சேர்ந்தார்.

"பிரஸ்டன் கண்ணு" என்றார், "அங்க கடையில ஒருத்தி தலையில மருந்து போட்டிருக்கு. இருபது நிமிஷத்துக்கு மேல விட்டா முடி கையோட வந்துடும். சீக்கிரம் திற."

பிரஸ்டன் திரையைத் திருப்பினார். மவுஸை அவர் அசைத்த விதம், குழந்தை மாத்திரையை விழுங்குகிற மாதிரி இருந்தது.

பட்டியல் இருந்தது. இருந்தது மட்டுமல்ல, செழித்திருந்தது. எங்களுக்கெல்லாம் முன்பு ஐந்தாறு வரிதான் காட்டும். அவருடையது திரையின் பாதியை நிறைத்திருந்தது. சிலவற்றை மேலேயே குத்தி வைத்திருந்தார், நழுவாமல் இருக்க. அதில் எண் ஒன்றுகூட இல்லை. 'எல்லாம்' என்று ஒரு ஃபோல்டர். 'எல்லாம் புதுசு' என்று இன்னொன்று. 'இதைத்தான் தேடுகிறாய்' என்று மூன்றாவது. அதற்கும் மேலே, முதல் இடத்தில், 'விருது ஏற்புரை'.

ஈவான் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த விருது?" என்று கேட்டார் ஓரெஸ்ட்.

"மாகாணத்துல சிறந்த ஆவண ஒழுங்குக்கு ஒண்ணு குடுக்கறாங்க. இன்னும் அறிவிக்கல" என்றார் பிரஸ்டன்.

"ஏத்துக்கறதுக்கு மட்டும் தயாரா இருக்கீங்க."

க்ளெண்டா இதையெல்லாம் கேட்கவில்லை. அவள் விரல் திரையில் நான்காவது வரியில் நின்றது. 'க்ளெண்டா சாமான், பிறகு பார்க்கலாம்'. பிரஸ்டன் அதைத் திறந்தார். மூன்று ஊர்க் கையெழுத்தும், வரைபடமும், அரிசோனாக்காரரின் சான்றிதழும் அவள் வைத்த பெயர்களோடு அப்படியே இருந்தன. விண்ணப்பம் மரத்துக்குள் போகவே இல்லை. அதை எந்தக் கிளையில் வைப்பது என்று மரம் நட்டவருக்கே தெரியாமல், தன் திரையின் ஓரத்திலேயே போட்டு வைத்திருந்தார்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போனது. விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று பதில் வந்ததும் க்ளெண்டா மிச்சமிருந்த டார்ட்டை எடுத்துப் பாதியை பிரஸ்டனிடம் நீட்டினாள். அதுதான் அவள் குணம். அவர் வாங்கிக்கொண்டார். ஈவான் ஓடினார். அந்தப் பெண்ணின் முடிக்கு ஒன்றும் ஆகவில்லை, சுருள்தான் கொஞ்சம் தூக்கலாக வந்தது.

திங்கட்கிழமை சுற்றறிக்கை. மரம் திட்டத்தின் முதல் கட்டம் வெற்றிகரமாக முடிந்தது. ஊழியர்கள் போதிய பக்குவம் அடைந்துவிட்டதால், இரண்டாம் கட்டமாக 'ஆல்கார்ட் விரைவுப் பாதை' இன்றுமுதல் எல்லா மேசைகளிலும் அறிமுகமாகிறது. எங்கள் பழைய பட்டியல்தான். க்ளெண்டா அதைக் காப்பி இயந்திரத்துக்கு மேலே ஒட்டி வைத்தாள். நாங்கள் பக்குவமடைந்தவர்களாக வேலை பார்த்தோம்.

டிசம்பரில் போட்டி எங்களுக்குக் கிடைத்தது. பிப்ரவரியில் மாகாணமெங்கும் இருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஓரெஸ்ட் போட்ட பனித்தரையைப் பார்த்துப் பெரிய ஊர்க்காரர்கள் குனிந்து தொட்டுப் பார்த்தார்கள். தொடக்க விழாவில் நகராட்சி சார்பில் வரவேற்புரை நிகழ்த்துவது தன் கடமை என்று பிரஸ்டன் சொன்னார். க்ளெண்டாவுக்கு எதிலும் ஆட்சேபம் இல்லாத நாள் அது. சரி என்றாள்.

அவர் மடிக்கணினியோடு மேடையேறினார். காகிதம் அவர் கொள்கைக்கு ஒவ்வாது. ஒலிபெருக்கி முன் நின்று, எல்லோரும் பார்க்க விரைவுப் பாதையைத் திறந்து, முதல் வரியைத் தட்டி, கம்பீரமாகத் தொடங்கினார்.

"இந்த மகத்தான கௌரவத்தை நான் பணிவோடு ஏற்றுக்கொள்கிறேன்."

காலையில் அதைத்தான் கடைசியாகத் திறந்து மெருகேற்றியிருப்பார் போலிருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தில், தான் சிறுவயதிலிருந்தே ஒழுங்கை நேசித்ததாகச் சொன்னார். மூன்றாவதில் அவருக்கே புரிந்துவிட்டது. காது சிவந்தது. ஆனால் முன்னூறு பேர் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது எந்த வாக்கியத்தில் நிறுத்துவது? தன் மனைவிக்கும், முன்னாள் மேலதிகாரிகளுக்கும், நம்பிக்கை தவறாத தன் ஊழியர்களுக்கும் நன்றி கூறி முடித்தார்.

எங்கள் மாகாணத்து ஜனங்கள் யார் எதை ஏற்றுக்கொண்டாலும் கை தட்டுவார்கள். நன்றாகவே தட்டினார்கள். ஆனால் தட்டி முடித்த பிறகும் அவர் மேடையில் நின்றுகொண்டிருந்தார், இறங்க வழி தெரியாமல். கூட்டமும் அவர் கையில் ஏதாவது வரும் என்று காத்துக்கொண்டிருந்தது.

"ஏத்துக்கிட்டாரு" என்றார் ஓரெஸ்ட் என் பக்கத்தில், "எதையாவது குடுத்தாகணுமே."

க்ளெண்டாவுக்கு அந்தத் தொடக்கம் எந்த விதத்திலும் கெட்டுவிடக் கூடாது. எங்கள் ஊர் வழக்கப்படி பரிசுச் சீட்டு மேசையில் குலுக்கலுக்கு வைத்திருந்த இறைச்சிகளில் நடுத்தரமான ஒரு பன்றித்தொடையைத் தூக்கிக்கொண்டு மேடையேறினாள். ஒலிபெருக்கியில், "மார்ல் க்ரீக் சார்பா, பிரஸ்டன் ஆல்கார்டுக்கு" என்றாள். அவர் அதை இரு கைகளாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். அந்தக் கையோடு க்ளெண்டா முதல் கல்லைத் தள்ளிப் போட்டியைத் தொடங்கிவைத்தாள்.

அந்தப் படம் இப்போது அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மரத்தில் எங்கே என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் ஆறு பேரில் ஐந்து பேருடைய பட்டியலில் அது முதல் வரியை விட்டு இறங்கியதே இல்லை.