இரண்டாம் ஷெட்டுக்கு வழி

வீட்டுக் கண்ணாடி அலமாரியில் மூன்று கேடயங்கள் இருந்தன. மூன்றும் கணவருடையவை. துடைப்பது மட்டும் அவள். 'ராணுவ வாகனப் பராமரிப்பில் சிறந்த சேவை' என்று பித்தளையில் பொறித்த எழுத்துகளின் இடுக்கில் துணியை விட்டுத் துடைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். எரியாதா பின்னே? இருவரும் ஒரே முகாமில் மெக்கானிக்குகள். அவருக்கு வாசலை ஒட்டிய முதல் ஷெட். அவளுக்குக் கிடங்குகளுக்கெல்லாம் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் அந்தப் பக்கம் இருக்கும் இரண்டாம் ஷெட். ஆளுக்கு இருபது லாரி.

"இந்த வருஷமும் உங்களுக்கே குடுத்தாங்கன்னா, நாலாவதை நீங்களே துடைச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டாள்.

"நான் என்னம்மா பண்றது? கூப்பிட்டுக் குடுக்கிறாங்க, வாங்கிக்கிறேன்," என்றார் அவர் அப்பாவியாக. உண்மையிலேயே அப்பாவிதான். செத்துப்போய் இழுத்து வந்த லாரியின் அடியில் புகுந்து அரை மணியில் எழுப்பிவிடுவதில் மன்னன். சாகாமல் பார்த்துக்கொள்ளத்தான் வராது.

அவளோ வண்டி ஷெட்டுக்குள் நுழையும்போதே காதைத் தீட்டிக்கொள்வாள். "விசிறி பெல்ட் இன்னும் ரெண்டு வாரம்தான் தாங்கும். இப்பவே மாத்திடலாம்," என்று அங்கேயே கதையை முடித்துவிடுவாள். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் காதக்கா. ஆனால் விருது கொடுப்பவர்கள் பார்ப்பது பழுதுப் பதிவேட்டைத்தானே! அதில் எழுத வண்டி பழுதாகி நின்றிருக்க வேண்டும். நிற்பதற்கு முன்பே சரிசெய்தால் அதற்கு அங்கே இடமில்லை. அவருடைய பதிவேடு தலையணை தடிமன். அவளுடையதை வைத்து விசிறிக்கொள்ளக்கூட முடியாது.

இந்த அநியாயம் டிரைவர்களுக்குப் பொறுக்கவில்லை. விருதுக்கு ஒரு மாதம் இருக்கும்போது இரண்டாம் ஷெட்டில் திடீரென்று கூட்டம் அலைமோதியது.

"அக்கா, ஹாரன் அடிச்சா அழுகிற மாதிரி இருக்கு," என்றான் ஒருவன். இன்னொருவனின் லாரிக்கு இடது பக்கம் திரும்ப மனசே வரவில்லையாம். நெட்டை டிரைவர் யோசித்து யோசித்துப் பார்த்து ஒன்றும் தோன்றாமல், "ரிவர்ஸ் போட்டா பின்னாடியே போகுதுக்கா," என்றான்.

"வேற எங்கடா போகணும்?"

"நீங்க எழுதிக்கோங்கக்கா. பக்கம் நிறையட்டும்."

அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. புகார் என்று வந்தால் எழுதியே ஆக வேண்டும் என்பது விதி. எழுதினாள். ஒவ்வொரு வண்டியையும் தட்டிப் பார்த்து, கேட்டுப் பார்த்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு எதிரே 'பழுது ஏதும் இல்லை' என்றும் எழுதினாள். பொய் எழுதி வாங்கிய கேடயத்தைத் துடைத்தால் வயிறு இன்னும் அதிகமாக எரியும் என்பது அவளுக்குத் தெரியாதா? மாத முடிவில் அறுபத்துமூன்று புகார்கள், அறுபத்துமூன்று 'பழுது ஏதும் இல்லை.'

பதிவேடு மேலே போனது. மறுநாளே மேஜர் நேரில் இரண்டாம் ஷெட்டுக்கே வந்து நின்றார். மூன்று கேடயம் வாங்கியவர், விஷயம் தெரிந்தவர் என்று அவள் கணவரையே துணைக்கு அழைத்து வந்திருந்தார்.

"அறுபத்துமூணு புகார். ஒண்ணுலகூடவா உங்களுக்குப் பழுது தெரியல? காது கேக்குதா இல்லையா?"

காதக்காவைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி!

"பழுது இல்ல சார். அதான் இல்லன்னு எழுதினேன்."

"அப்ப டிரைவருங்க எல்லாரும் பொய் சொல்றாங்களா?"

ஆமாம் என்றால் பையன்கள் மாட்டிக்கொள்வார்கள். இல்லை என்றால் அவளே மாட்டிக்கொள்வாள். கேடயம் கிடக்கட்டும், இத்தனை வருஷம் சேர்த்த பேரே போய்விடும் போலிருந்தது. மேஜர் விருதுப் பட்டியலை விரித்து, பேனாவைத் திறந்து, அவள் பெயரை அடிக்கப் போனார். கணவர் செருமினார்.

அந்த நேரம் பார்த்து, கொக்கியும் சங்கிலியும் கடகடவென்று ஆட, முகாமின் ஒரே இழுவை லாரி வந்து நின்றது. நடுவழியில் நின்றுபோகும் வண்டிகளைக் கட்டி இழுத்து அந்தந்த ஷெட்டில் விடுவதுதான் அதன் வேலை. அதை ஓட்டும் மூக்குக்கண்ணாடிப் பெரியவரை நெட்டையன்தான், பதிவேடு மேலே போனது தெரியாமல், கெஞ்சிக் கூத்தாடி அறுபத்துநாலாவது புகாராக அனுப்பியிருந்தான். அவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, ரெண்டாம் ஷெட்டுன்னு ஒண்ணு இருக்காமே, அது எங்க இருக்கு? அரை மணி நேரமா சுத்துறேன். ஒரு தடவை சமையல்கூடத்துக்குள்ளயே போயிட்டேன்."

மேஜரின் பேனா அப்படியே நின்றது. "நீங்க இந்த முகாமுக்கு வந்து எத்தனை வருஷமாச்சு?"

அப்போதுதான் மேஜரைப் பார்த்த பெரியவர் பதறியடித்துக்கொண்டு இறங்கினார். "ஆறு வருஷம் சார்."

"ஆறு வருஷமா இழுவை லாரி ஓட்டுறீங்க. ரெண்டாம் ஷெட் எங்க இருக்குன்னு தெரியாதா?"

"அந்த ஷெட்டு வண்டியை இழுக்கச் சொல்லி ஒரு தடவைகூட யாரும் கூப்பிடலையே சார். மொதல் ஷெட்டுன்னா கண்ணை மூடிக்கிட்டே போவேன். அதோ நிக்கிறாரே, அவரு வண்டிங்கதான். நேத்துகூட ரெண்டு இழுத்தேன்."

மேஜர் வரிசையாக நின்ற இருபது லாரிகளையும் பார்த்தார். பிறகு பதிவேட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். 'ரிவர்ஸ் போட்டால் பின்னால் போகிறது' என்ற பக்கம் வந்ததும் அவர் மீசை துடித்தது.

"டிரைவருங்களை நான் அப்புறம் கவனிச்சுக்கிறேன்," என்று பேனாவை மூடினார்.

"சார்," என்றார் கணவர், ஒருவழியாக. "மூணு வருஷமா ஆள் மாத்திக் குடுத்துட்டீங்க சார்."

அதுவரை தாக்குப்பிடித்தவள் அதைக் கேட்டதும் உடைந்து அழுதுவிட்டாள். பெரியவருக்குத்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தான் சொல்ல வந்த புகாரையும் மறந்துவிட்டார்.

அவள் பெயர் பொறித்த நாலாவது கேடயம் அலமாரிக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அவள் அன்று சொன்னபடியே கணவரே துணியை எடுத்துக்கொண்டு போனார். அலமாரியைத் திறக்கும் சத்தம் சமையலறைக்குக் கேட்டது.

"அந்தக் கதவுக் கீலுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்க. கிறீச்சுங்கும்."

அவர் கதவை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். "ஒண்ணும் கிறீச்சுங்கலையேம்மா."

"இன்னைக்கு இல்ல," என்றாள் அவள். "அடுத்த வாரம்."