தபித்தாள் போகாத ஞாயிறுகள்

நடுவட்டம் என்ற மலையூரில் தேயிலைச் சரிவுக்கு மேலே இருக்கும் சின்ன ஆலயத்தில், ஞாயிறு ஆராதனையின் முதல் பாட்டைத் தபித்தாள்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் தீர்மானித்ததில்லை. அவள் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அப்படித்தான் நடந்து வந்தது. போதகர்கள் மாறினார்கள். ஓட்டுக் கூரை தகரமாயிற்று. தபித்தாள் முதல் பெஞ்சிலிருந்து எழுந்து தொண்டையைச் செருமினால்தான் சபை பாட்டுப் புத்தகத்தைத் திறக்கும். வார நாட்களில் அவள் எஸ்டேட் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. அங்கே அவளுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். வீட்டில் கணவன் செல்லதுரை இருந்தான். மகள் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். தனக்கே தனக்கென்று அவளிடம் இருந்தது அந்த முதல் பாட்டுதான்.

ஜூன் மாத மழையோடு ரேச்சல் வந்து சேர்ந்தாள். அவள் கணவன் ரிஜோ தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசராக வேலைக்குச் சேர்ந்திருந்தான். கூடலூர்ப் பக்கத்துப் பெண், வயது முப்பதுகூட இருக்காது. முதல் ஞாயிறு பின்னால் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து பாடினாள். அன்று முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். தபித்தாள் மட்டும் திரும்பவில்லை. திரும்பாமலே அந்தக் குரல் எவ்வளவு நல்ல குரல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்துப் போதகர் தபித்தாளைத் தனியாக அழைத்தார்.

"டீச்சர், கீபோர்டு வாங்கினதிலிருந்து சுருதி சேர்றது கஷ்டமா இருக்குதுங்க. கொஞ்ச நாளைக்கு ரேச்சல் பாட்டை எடுக்கட்டுமே. நீங்க கூட நின்னு பாடுங்க."

"அதுக்கென்னங்க பாஸ்டர், தாராளமா பாடட்டும்" என்றாள் தபித்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது செல்லதுரை வெள்ளந்தியாக, "அந்தப் புள்ள பாடுனா மனசு கரையுதில்ல?" என்றான். வீடு வந்து செருப்பைக் கழற்றியதும், "இனிமே இந்த ஊட்டுல அவ பேச்சை எடுக்காதீங்க" என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது.

அதற்குப் பிறகு அவளுக்கு முழங்கால் வலி வந்தது. ஏற்கெனவே கொஞ்சம் இருந்த வலிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அது படியேற விடாத வலியாயிற்று. செல்லதுரை தனியாகக் கிளம்பிப் போனான். ஜெபம் வீட்டிலும் செய்யலாம், கர்த்தர் எங்கும்தான் இருக்கிறார் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆராதனையை ஃபோனில் நேரலையாகப் போடும் வழக்கம் சபையில் இருந்தது. அவளும் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஃபோனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்தாள்.

அவள் பார்த்தது ஆராதனையை அல்ல, ரேச்சலை. எந்தப் புடவை, எந்தப் பாட்டு, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறாள் என்று பார்த்தாள். ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னபோதும் அவள் மூடவில்லை. பிரசங்கம் ஆரம்பித்ததும் ஃபோனை அணைத்துவிட்டுச் சமையலைக் கவனிக்கப் போனாள். வாரம் முழுவதும் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது தன் குரலைத் தானே உன்னிப்பாகக் கேட்டாள். அது தடித்துப் போயிருந்தது.

ஒரு நாள் போதகரின் மனைவி கையில் ஆரஞ்சுப் பையோடு பார்க்க வந்தார். ஜன்னல் வழியாக அவரைக் கண்ட தபித்தாள், தான் தூங்குவதாகச் சொல்லும்படி செல்லதுரையிடம் சைகை காட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, ஃபோன் திரையில் இரண்டாம் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்த ரேச்சல் திடீரென்று நிறுத்தினாள். வாயைத் திறந்தாள்; குரல் வரவில்லை. கீபோர்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கவாட்டில் விலகித் திரையை விட்டுப் போனாள். பிறகு சிக்னல் போய்விட்டது.

தபித்தாளின் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. பாட்டை மறந்துவிட்டாள், எல்லார் முன்னாலும் மறந்துவிட்டாள். அவள் எழுந்து, மத்தியானத்துக்குக் கோழிக் குழம்பு வைத்தாள். செல்லதுரை வந்ததும் சாப்பாடு பரிமாறி, எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்குப் பாட்டெல்லாம் எப்படிங்க இருந்துச்சு?"

செல்லதுரை சோற்றைப் பிசைந்தபடி தயங்கினான். "நீதான அவ பேச்சை எடுக்கக் கூடாதுன்ன."

"இப்ப நானே கேக்கறனில்ல, சொல்லுங்க."

"பாவம் அந்தப் புள்ள. அஞ்சு மாசம் வயித்துல இருந்தது தங்கல. போன மாசம் ஊட்டி ஆஸ்பத்திரியில இருந்து வந்தா. இன்னைக்குத்தான் திரும்பப் பாட நின்னா. முடியல." அவன் தண்ணீர் குடித்தான். "சர்ச் பொம்பளைங்கதான் முறை வெச்சு சோறு கொண்டுபோய்க் குடுக்கறாங்க."

தபித்தாள் குழம்புக் கரண்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். போன மாதமும் ஒவ்வொரு ஞாயிறும் அவள் அந்தச் சபையைத் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சில ஞாயிறுகள் ரேச்சலைக் காணாதபோது, தலைக்கனத்தில் ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்தாள். வயிறு இருந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அப்போதும் அவளுக்கு முதலில் வாயில் வந்தது வேறு. "எனக்கு முட்டி வலின்னு கெடந்தப்ப ஒருத்தரும் சோறு கொண்டாரலையே."

"வந்தாங்களே அம்மிணி" என்றான் செல்லதுரை மெதுவாக. "நீதான தூங்கறேன்னு சொல்லச் சொன்ன."

அந்த வாரம் அவள் ஒரு மாலை ரேச்சலின் வீட்டுக்குப் போகக் கிளம்பினாள். ஃபேக்டரி லைன் வீடுகள் வரை போய், அந்த வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். என்ன சொல்லி உள்ளே நுழைவது என்று தெரியவில்லை. அந்த வீட்டுக்குப் போக ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஆலயத்துக்குப் போக அது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவள் செல்லதுரைக்கு முன்பே குடையை எடுத்துக்கொண்டு நின்றாள்.

பனிமூட்டத்தில் ஆலயத்துக் கதவு கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. உள்ளே அவளைக் கண்டவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ரேச்சல் முன்னால் இல்லை. கடைசி பெஞ்சில் ரிஜோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போதகர் தபித்தாளைப் பார்த்துத் தலையசைத்தார். பாட்டை எடுக்கச் சொல்கிறார்.

மாதக்கணக்கில் அவள் ஏங்கியது இதற்குத்தான். எழுந்து நின்றாள். முதல் அடியிலேயே சுருதி தாழ்ந்தது. கீபோர்டு ஒரு பக்கமும் அவள் குரல் ஒரு பக்கமுமாக இழுத்தன. இரண்டாம் அடியில் பின்னாலிருந்து அந்தக் குரல் எழுந்து பாட்டைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தது. இவ்வளவு துக்கத்திலும் அவளால் முடிகிறதே என்று தபித்தாளுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் தணிவதற்குள் பின்னாலிருந்த குரல் உடைந்தது. சபை தடுமாறியது. தபித்தாள் விடவில்லை. கரகரத்த குரலில், கண்ணை மூடி, அந்த அடியைத் திரும்பவும் எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே தேநீருக்குப் போனபோது அவள் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள்.

"வந்துட்டீங்களாக்கா" என்றாள் ரேச்சல். "முட்டி வலி தேவலைங்களா?"

"தேவலை." பிறகு, "எனக்குத் தெரியாதும்மா. போன ஞாயிறுதான் தெரிஞ்சுது" என்றாள் தபித்தாள்.

ரேச்சல் தலையாட்டினாள். வாசலில் ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். ரேச்சல் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"அதைப் பாத்தாப் பொறாமையா இருக்குக்கா. அதனாலதான் முன்னாடி நிக்க முடியல, அங்கேயிருந்து கைக்குழந்தைங்கதான் கண்ணுல படுது. சர்ச்சுக்கே வர வேண்டாம்னு நெனச்சேன். ஆனா வீட்டுல தனியா இருந்தா அது இன்னும் பெருசாகுது. இங்க வந்தா குறையுதுன்னு இல்ல. வளரறது நிக்குது, அவ்வளவுதான்."

தபித்தாள் மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தைத் தேய்த்தாள். "எனக்கும் இருந்துச்சு. இருக்குது."

"உங்களுக்கா? யாரு மேல?"

"உம்மேலதான்."

ரேச்சல் நிமிர்ந்து பார்த்தாள். "என் மேலயா? எங்கிட்ட என்னக்கா இருக்கு?"

ரிஜோ இரண்டு டம்ளரில் தேநீர் கொண்டுவந்து நீட்டினான். இருவரும் வாங்கி, அந்த பெஞ்சிலேயே சேர்ந்து உட்கார்ந்து குடித்தார்கள்.

அதன் பிறகு ஞாயிறு காலைகளில் தபித்தாள் ஃபேக்டரி லைன் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். சில வாரம் ரேச்சல் வர மறுத்து வாசலிலேயே நிற்பாள். தபித்தாள் அவள் குடையை எடுத்துக் கையில் கொடுப்பாள். ஒரு வாரம் தபித்தாளுக்கே போக மனமில்லாமல் இருந்தது. ரேச்சல் காத்திருப்பாளே என்று கிளம்பினாள். கிறிஸ்துமஸ் நெருங்கியபோது ரேச்சல் மறுபடி முன்னால் நின்று பாட்டை எடுத்தாள். சபை மொத்தமும் அசையாமல் கேட்டது. தபித்தாளுக்குள் பழைய முள் குத்தத்தான் செய்தது. அவள் ரேச்சலுக்குப் பக்கத்தில் நின்று, கீழ்ச்சுருதியில் சேர்ந்து பாடினாள்.