இடுப்பில் நில்லாத கத்தி

முடிச்சு அவிழ்வதாக இல்லை. தங்கசாமி நகத்தால் நெம்பிப் பார்த்தார். பல்லால் கடித்து இழுக்கக் குனிந்தவர், அது செத்துக் கிடக்கும் அண்ணனின் இடுப்பு என்பது அப்போதுதான் உறைத்ததுபோல் சட்டென்று நிமிர்ந்தார். அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த மடக்குக் கத்தி பாயின்மேல் சரிந்து கிடந்தது.

“அறுத்திர வேண்டியதுதான். எப்படியும் குளிப்பாட்டையில அறுக்கப்போற கயிறுதான.”

அந்தக் கத்தியையே விரித்து, அது தொங்கிக்கொண்டிருந்த கயிற்றை அறுத்தார். சத்தமே வரவில்லை. கதவோரம் நின்ற வள்ளித்தாய்க்கு மட்டும் ஏதோ அறுந்து விழுந்த சத்தம் கேட்டதுபோல் இருந்தது.

அவளுடைய மாமனார் உச்சிமாகாளி குதிரை வண்டிக்காரர். கொல்லம் ரயிலில் வந்து இறங்குகிறவர்களைத் தென்காசி ஸ்டேஷனிலிருந்து குற்றாலம் அருவிக்குக் கொண்டுபோய் விடுவார். வழியில் குதிரை கால் இடறி விழுந்தால் வண்டியோடு பூட்டிய தோல்வாரை உடனே அறுத்துவிட வேண்டும். அதற்குத்தான் அந்தக் கத்தி. குளிக்கும்போதும் தூங்கும்போதும்கூட அவர் இடுப்பை விட்டு அது இறங்கி அவள் பார்த்ததில்லை. இன்று விடியற்காலம், குதிரைக்குக் கொள்ளு ஊற வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார்.

தங்கசாமி கத்தியை மடக்கி வள்ளித்தாயின் புருஷன் கைலாசத்திடம் நீட்டினார்.

“ஏலே, கொள்ளி வைக்கிறவன் உடம்புல இரும்பு இருக்கணும். சாம்பல் கரைக்கிற வரைக்கும் இது ஒன்ன விட்டு எறங்கப்படாது. கேட்டியா?”

“சரி சித்தப்பா.”

“எறங்குச்சுன்னு வையி, எங்கண்ணனுக்கு நீ கொள்ளி வைக்கது சம்மதமில்லன்னு அர்த்தம். எம்மவன் இசக்கிப்பாண்டி இருக்கான். அவன் வைப்பான். அவன் எங்க ரத்தம்.”

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஆவுடைத்தாய் தலையைத் தூக்கிக் கொழுந்தனைப் பார்த்தாள். கைலாசம் அவள் பெறாத பிள்ளை. கடையத்தில் இருந்த தங்கைக்கு நாலாவதாகப் பிறந்தவனை, நடை பழகுகிற வயதில் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தாள். அன்றைக்குத் தங்கசாமி இந்த வீட்டு வாசலில் நின்று போட்ட சத்தம் மேலகரம் முழுக்கக் கேட்டதாம். இருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தச் சத்தம் ஓயவில்லை என்பது ஆவுடைத்தாயின் பார்வையிலேயே தெரிந்தது. அவள் குனிந்து, கணவனின் நெற்றியில் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள்.

கைலாசம் கத்தியோடு உள்ளறைக்கு வந்தான். பின்னாலேயே வந்து கதவைச் சாத்திய வள்ளித்தாய், அவன் முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். அவன் இடுப்பில் அரைஞாண் இல்லை.

அவன் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தான். ஓடுகிற பட்டையில் கயிறு சிக்கினால் ஆளையே இழுத்துப் போட்டுவிடும் என்று மேஸ்திரி சொல்லி, சேர்ந்த அன்றே அறுத்துப் போட்டிருந்தான். அங்கே அவனுக்குக் காக்கி நிக்கர், பெல்ட்டு, பித்தான் வைத்த பை. ஊருக்கு வந்தால் சட்டைப்பை. இன்றைக்குச் சட்டையும் கிடையாது. கொள்ளி வைக்கிறவன் வெறும் மேலோடு, ஒற்றை வேட்டியில் போக வேண்டும். அரைஞாண் இல்லாத இடுப்பு பிணத்துக்குத்தான் என்று நினைக்கிற ஊரில், இதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

“வேட்டி மடிப்புல சுருட்டி வச்சிப் பாருங்க,” என்றாள்.

சுருட்டி வைத்தான். அறைக்குள்ளேயே நடந்து பார்த்தான். மான்கொம்புப் பிடி, அத்தனை வருஷம் ஒரு மனுஷனின் இடுப்பில் உரசி உரசி எண்ணெய் தடவியதுபோல் வழவழத்துக் கிடந்தது. இரண்டு எட்டு வைப்பதற்குள் வழுக்கித் தொடையில் இறங்கியது. அவன் காலை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“இப்படியே நடந்து போனா, கைலாசத்துக்கு வயித்தக் கலக்குதுன்னு சொல்லுவானுவ,” என்றான். சிரிக்க முயன்ற உதடு கோணிக்கொண்டது.

“ஒரு கயித்தக் கட்டிருவோமா?”

“செத்த வீட்டுல எவனாவது புதுக் கயிறு கட்டுவானாட்டி? சித்தப்பா கண்ணுல பட்டா அதுக்கு வேற பஞ்சாயத்து.”

அவள் பழஞ்சேலை ஒன்றின் கரையைக் கிழித்தாள். கத்திப் பிடியின் முனையிலிருந்த பித்தளை வளையத்தில் அதைக் கோத்து, வேட்டிக்கு உள்ளே அவன் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். இறுக்கி இழுத்ததும் அவன், “மூச்சு முட்டுது வள்ளி,” என்றான். அவள் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தி முடிச்சுப் போட்டாள்.

வெளியே சங்கு ஊதினார்கள்.

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கிற நீர்மாலைக்கு மகனும் மருமகளும் சேர்ந்துதான் போக வேண்டும். ஆனிச் சாரல் ஊசி ஊசியாக விழுந்துகொண்டிருந்தது. மலை இருந்த இடத்தில் மேகம் இருந்தது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் படியை மோதிக்கொண்டு ஓடியது. கைலாசம் குடத்தோடு இறங்கி முழுகினான். அவளும் பக்கத்தில் முழுகினாள். மூன்றாவது முறை முழுகி எழுந்தபோது அவன் வலது கை இடுப்புக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஓடிய தண்ணீரை அவன் துடைக்கவில்லை.

அவள் தண்ணீருக்குள் கையை விட்டு அவன் வேட்டியைத் தடவினாள். சேலைக் கரை மட்டும், முடிச்சுப் பிரிந்து, செத்த பாம்புபோல் அவள் விரலில் சுற்றிக்கொண்டு வந்தது. அதைச் சுருட்டித் தன் முந்தானைக்குள் திணித்தாள்.

“ஏலே, என்ன தூங்குத? குடத்த ரொப்பு,” என்று படியில் நின்ற தங்கசாமி சத்தம் போட்டார்.

குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, நாலு பேர் பிடித்த வெள்ளை வேட்டியின் கீழே இருவரும் நடந்தார்கள். முன்னால் சங்கும் கொட்டும் முழங்கின. அந்தச் சத்தத்துக்குள் அவன் உதடு அசைவது அவளுக்கு மட்டும் தெரிந்தது. “போச்சு வள்ளி.”

“பேசாம வாங்க.”

“ஐயாவுக்கு நான் கொள்ளி வைக்க முடியாதா?”

அவள் கண் அவன் இடுப்பில் போய் நின்றது. ஒரு விரல் அளவு. அந்த ஒரு விரலை யார் தளர்த்தச் சொன்னது? மூச்சு முட்டினால் முட்டட்டும் என்று இருந்திருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்ததும் அவள் கொல்லைப்பக்கம் ஓடினாள். லாயத்துச் சுவர் மாடத்தில் குதிரைக்கு அடிக்கிற லாட ஆணிகள் சில கிடந்தன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, வாய்க்கரிசி போடுகிற கூட்டத்தில் அவன் கைக்குள் அரிசியோடு அரிசியாக வைத்து அழுத்தினாள்.

“இரும்பு இரும்புதான்,” என்றாள்.

அவன் அதை வேட்டி மடிப்பில் செருகினான். ஆணி குத்தி முகம் சுளித்தது. அதுவும் நல்லதுதான், இருப்பது தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் பாடை தெரு முனை திரும்பிய பிறகுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. சுடுகாட்டில் தோளில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு சுற்றும்போது, பின்னால் வருகிறவர் ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தைக் கொத்தி ஓட்டை போடுவார். கத்தியால். அந்தக் கத்தி எங்கே என்று சித்தப்பா அங்கே கேட்பார்.

பெண்கள் அங்கே போகக் கூடாது. தெரு ஈரமாக, காலியாகக் கிடந்தது.

வீட்டைக் கழுவிவிட்டுப் பெண்கள் குளிக்கக் கிளம்பியபோது, முதல் ஆளாக வாய்க்காலில் இறங்கியவள் வள்ளித்தாய்தான். அவன் நின்ற இடத்தில் நின்று, கால் கட்டைவிரலால் சேற்றைத் துழாவினாள். கூழாங்கல். கிளிஞ்சல். உடைந்த வளையல் துண்டு. தண்ணீர் அவளை இழுத்துக்கொண்டே இருந்தது.

“என்னட்டி அங்கன கோலம் போடுத?” என்று கேட்டாள் பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள்.

“மெட்டி கழண்டுட்டு சித்தி.”

“அடி பாவி! இன்னைக்கா கழட்டணும்? ஏ பிள்ளைகளா, மெட்டியாம், பாருங்கட்டி!”

நாலைந்து பேர் குனிந்து சேற்றை அளைந்தார்கள். வள்ளித்தாய்க்கு அழுகை முட்டியது. இவர்கள் கையில் கத்தி கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம், கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தோடு சேர்ந்துகொண்டது. சற்று நேரத்தில் முப்பிடாதியம்மாளின் கை தண்ணீருக்குள் அவள் பாதத்தைப் பிடித்தது. ஒரு காலைத் தடவியது. மறு காலையும் தடவியது.

“ரெண்டும் பத்திரமாத்தானட்டி கெடக்கு! மாமனாரு போன துக்கத்துல இவளுக்குப் புத்தியே பிசகிட்டு. ஏறுட்டி மேல, சளி பிடிக்கப் போவுது.”

ஏறினாள்.

அதற்குப் பிறகு வாசலில் நின்றாள். மற்றவர்கள் ஆவுடைத்தாயைச் சுற்றி உட்கார்ந்து, செத்தவர் எந்தக் கலெக்டரை வண்டியில் ஏற்றினார், எந்த வருஷ வெள்ளத்தில் குதிரையை நீந்த வைத்தார் என்றெல்லாம் பேசினார்கள். வள்ளித்தாயின் கண் தெரு முனையை விட்டு அகலவில்லை. கொள்ளி வைத்தவனுக்கு அங்கேயே தலை மழித்துவிடுவார்கள். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். திரும்பி வருகிற தலையைப் பார்த்தால் போதும். மொட்டைத் தலையோடு வருவது தன் புருஷனா, இசக்கிப்பாண்டியா?

ஆண்கள் வந்தார்கள். சாரல் வலுத்திருந்ததால் எல்லாத் தலையிலும் துண்டு. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கைலாசம் இல்லை. தங்கசாமியும் இல்லை. கடைசியாக இசக்கிப்பாண்டி, தலையையும் முகத்தையும் சேர்த்து முக்காடு போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டே வந்தான்.

“தம்பி, ஒங்கண்ணன் எங்க?”

“வாய்க்கால்ல நிக்கான் மதினி. எங்கய்யாவும் அங்கனதான்.”

“என்ன ஆச்சு?”

“குடத்தக் கொத்த அய்யா கத்தியக் கேட்டாரு. இவன் லாட ஆணிய எடுத்து நீட்டுதான். அதப் பாத்ததும் எங்கய்யா மொகம் போன போக்க நீங்க பாக்கணுமே…”

மேலே சொல்வதற்குள் அவன் பல் கிட்டித்தது. வேறு யாரோ அவனை உள்ளே இழுத்துப் போனார்கள். வள்ளித்தாய் நிற்கவில்லை. செத்த வீட்டு மருமகள் தலைவிரி கோலமாகத் தெருவில் ஓடுவதைப் பார்த்து, அருவிக்குப் போகிற வண்டி ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. சித்தப்பா கோபக்காரர். கையில் இந்நேரம் என்ன இருக்குமோ. வாய்க்காலில் தண்ணீர் வேறு இழுக்கிறது. ஆணியைக் கொடுத்தவள் நான், முடிச்சைத் தளர்த்தியவளும் நான் என்று அவர் காலில் விழுந்துவிடுவது என்று நினைத்துக்கொண்டே ஓடினாள்.

படித்துறைக்கு மேலே மருத மரம். அதன் அடியில் வந்ததும் கால் நின்றுவிட்டது.

முழங்கால் தண்ணீரில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் தங்கசாமி, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டியிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைத் தலை, சாரலில் மினுங்கிக்கொண்டிருந்தது. அது கைலாசத்தின் தலை.

“ஏலே, நீ முங்குனது படிக்கு நேராவா, அந்தக் கல்லுக்கு நேராவா?”

“படிக்கு நேராத்தான் சித்தப்பா.”

“அப்ப தண்ணி இழுத்திருக்கும். கீழ தள்ளி வா.”

இரண்டு பேரும் பக்கவாட்டில் நகர்ந்தார்கள். சேற்றைக் காலால் தடவுகிறவர்களின் நிதானமான நடை.

“எங்கண்ணன் மொத கத்தியத் தொலச்சதும் இங்கனதான்,” என்றார் தங்கசாமி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. “அடுத்தத அருவியில விட்டான். அதுக்கடுத்தத ரயிலடியில. எங்கய்யா புளியங்கம்ப எடுத்துக்கிட்டு ஊரெல்லாம் வெரட்டுனாரு. பொறவுதான் இடுப்போட சேத்துக் கட்டிப்போட்டது. இல்லன்னா அவனா கத்திய வச்சுக் காப்பாத்துவான்? அவன் இடுப்புல ஒண்ணும் நிக்காது.”

கைலாசம் குனிந்து கையாலும் துழாவினான்.

“நீ ஆணிய நீட்டிக்கிட்டு முழிச்ச பாரு ஒரு முழி. எங்கய்யா முன்னால அவன் நின்ன அதே முழி.” அவர் மூக்கைச் சிந்தித் தண்ணீரில் விட்டார். “ஒன்ன அவன் புள்ள இல்லன்னு எந்த மூதி சொன்னான்?”

“நீங்கதான் சித்தப்பா சொன்னிய.”

தங்கசாமி காலில் தட்டுப்பட்ட ஒரு கல்லைப் புரட்டிவிட்டார்.

“ஆமா. நாந்தான் சொன்னேன். கால நல்லா அழுத்தித் தேடு.”

வள்ளித்தாய் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள்.  வீட்டில் விளக்கேற்ற வேண்டும். இவர்கள் போகாமல் யாரும் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்கள். கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடாமல் நின்றாள்.

சாலையில் அருவிக்குப் போய்த் திரும்புகிற வண்டி ஒன்று வேகம் குறைந்தது. குளித்த ஈரத் தலைகளுக்கு நடுவிலிருந்து வண்டிக்காரன் எட்டிப் பார்த்தான்.

“என்ன அண்ணாச்சி, மழையில நின்னு என்னத்தத் தேடுதிய?”

“எங்க வீட்டுச் சாமான்வே, நீரு போம்,” என்றார் தங்கசாமி.

சொன்ன வேகத்தில் கால் வழுக்கியது. கைலாசம் சட்டென்று அவர் புஜத்தைப் பிடித்தான். அவர் நிலைத்துக்கொண்டார். பிடித்த கையை அவன் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி அவரும் உதறவில்லை. மங்கிக்கொண்டு வந்த வெளிச்சத்தில், இருவரும் காலால் தடவித் தடவி, தண்ணீர் போகிற பக்கமாகவே மெல்லப் போய்க்கொண்டிருந்தார்கள்.